லித்தியத்துக்கும் சீசியத்துக்கும் வேறு வேறு விசை ஏன்?

லித்தியம் குளோரைடு, சீசியம் குளோரைடு கரைசல்களில் சிலிக்காப் பரப்புகளுக்கு இடையே அளந்த விசை வேறு வேறாக வருகிறதே, கருவியில் கோளாறா என்று கேட்டிருந்தீர்கள். கருவியைச் சந்தேகப்படாதீர்கள். 0.1 மோலாரில் லித்தியம் குளோரைடு, சீசியம் குளோரைடு இரண்டுக்கும் டிபை நீளம் (பரப்பின் மின்சுமை கரைசலுக்குள் எவ்வளவு தூரம் எட்டுகிறது என்பதன் அளவு) ஒன்றுதான், கிட்டத்தட்ட 0.96 நானோமீட்டர். பரப்புகளுக்கு இடையேயான விசையை மின் விலக்கம், வான் டெர் வால்ஸ் ஈர்ப்பு இரண்டையும் கூட்டிக் கணக்கிடும் டி.எல்.வி.ஓ. கோட்பாடு அயனியை வெறும் புள்ளியாக எடுத்துக்கொள்வதால், பரப்பு மின்னழுத்தத்தையும் ஒன்றாகவே வைத்தால் ஒரே வளைகோடுதான் வரும். ஆனால் உங்கள் சிலிக்காப் பரப்புக்கு அயனியின் அளவு நன்றாகவே தெரியும்!

வெறும் அயனியாகப் பார்த்தால் லித்தியத்தின் ஆரம் 0.076 நானோமீட்டர், சீசியத்தின் ஆரம் 0.167. தண்ணீருக்குள் போனதும் கதை தலைகீழ்: சின்ன லித்தியம் நீர் மூலக்கூறுகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுமார் 0.38 வரை பெருத்துவிடுகிறது, சீசியமோ 0.33-இல் நின்றுவிடுகிறது, அதுவும் அந்த நீரைச் சுலபமாக உதறிவிட்டு சிலிக்காவோடு நெருங்கி ஒட்டிக்கொள்கிறது. அப்புறம் பரப்பின் நிகர மின்சுமை குறைந்து விலக்கு விசை தளர்வதில் ஆச்சரியமில்லை. 2 நானோமீட்டருக்குள் லித்தியத்தில் நீங்கள் பார்க்கும் கூடுதல் விலக்கம் பெரும்பாலும் நீரேற்ற விசை, அதாவது அயனி இறுக்கிப் பிடித்த நீர் பரப்புகளை நெருங்கவிடாமல் தடுப்பதால் வரும் விசை. மைக்காத் தகடுகளில் ஆய்வாளர் பாஷ்லி 1981-லேயே இதைக் காட்டிவிட்டார்.

சரி, என்ன செய்யலாம்? 2 நானோமீட்டருக்கு மேலுள்ள பகுதியை மட்டும், ஒவ்வொரு உப்புக்கும் தனிப் பரப்பு மின்னழுத்தம் வைத்துக் கோட்பாட்டு வளைகோட்டோடு பொருத்துங்கள். இரண்டு கரைசலிலும் பி.எச். ஒன்றா என்பதை முதலில் பாருங்கள், அது மாறினால் ஒப்பீடே வீண். அயனியின் பருமனைக் கணக்கில் சேர்க்கும் பிக்கர்மன் வகைத் திருத்தம் இங்கே கைகொடுக்காது. பரப்பு மின்னழுத்தம் 30 மில்லிவோல்ட் அளவில் இருக்கும்போது பரப்பருகே அயனிகள் அவ்வளவு நெரிசலாக இருக்காது.