வாடகை வரம்புக்குச் சாசனத் திருத்தம் தேவையா?

வணக்கம். கலிபோர்னியாவில் சாசனம் (நகரின் அடிப்படைச் சட்டம்) உள்ள நகரில் வாடகை வரம்பு கேட்கிறீர்கள். நகர மன்றம் பிறகு மாற்றிவிடும் என்ற பயத்தில் சாசனத் திருத்தமாகவே கொண்டுவர நினைக்கிறீர்கள். அதற்குப் பதிவான வாக்காளர்களில் 15 சதவீதம் பேர் கையெழுத்திட வேண்டும். சாதாரண நகர விதிக்கு மாநிலச் சட்டப்படி 10 சதவீதம் போதும். உங்கள் சாசனத்தில் வேறு அளவு இருக்கலாம், முதலில் அதைப் படியுங்கள்.

அந்தப் பயம் வேண்டாம். வாக்காளர்கள் நிறைவேற்றிய விதியை மன்றம் தானாக மாற்ற முடியாது, விதியிலேயே அனுமதி எழுதியிருந்தால் தவிர. இருக்கிற சாசனத்தோடு விதி மோதினால்தான் 15-க்குப் போக வேண்டும். எந்த வழியில் போனாலும், 1995 பிப்ரவரி 1-க்குப் பிறகு குடிபுகுவதற்கான சான்று பெற்ற கட்டடங்களையும் தனி வீடுகளையும் சேர்க்காதீர்கள். மாநிலச் சட்டம் தடுக்கிறது.

கையெழுத்தைக் கால்பங்காவது கூடுதலாக வாங்குங்கள். நகர எல்லைக்கு வெளியே இருப்பவர்கள், வீடு மாறியும் பதிவை மாற்றாதவர்கள் கழிந்துவிடுவார்கள். கையெழுத்து 500-க்கு மேல் போனால் மாதிரிச் சோதனை நடத்தலாம், அதாவது சிலவற்றை மட்டும் எடுத்துப் பார்ப்பார்கள்: 500 அல்லது மொத்தத்தில் 3 சதவீதம், எது அதிகமோ அது. அந்த மாதிரியில் ஒருவரே இருமுறை போட்டது சிக்கினால் பல மடங்காகக் கழிப்பார்கள். மாதிரியை வைத்து மதிப்பிடும் செல்லத்தக்க கையெழுத்து எண்ணிக்கை தேவையில் 95 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் மனு அத்தோடு தள்ளுபடி. 95-க்கும் 110-க்கும் இடையில் என்றால் ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார்கள்.