கறிவேப்பிலைப் பெயரில் இரண்டு டாக்டர்கள்

கேள்வி: மார்க்கெட்டில் நாம் ‘காரிபுலே’ என்று கேட்டு வாங்கும் கறிவேப்பிலைக்கு, நாற்றுக்கடை அட்டையில் ‘முர்ராயா கோனிகி’ என்று போட்டிருக்கிறது. யார் அந்தக் கோனிகி?
– வாசகி, ரோஸ் ஹில், மொரீஷியஸ்

பதில்: யோஹான் கெர்ஹார்ட் கோனிக். செடிகளுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை வகுத்த ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸின் மாணவர். 1768-இல் தரங்கம்பாடி டேனிஷ் மிஷனுக்கு மருத்துவராக வந்து, பிறகு ஆற்காடு நவாபிடமும் ஆங்கிலேயக் கும்பினியிடமும் வேலை பார்த்தார். பெயரின் முன்பாதியில் இருக்கும் முர்ரேயும் டாக்டர்தான். ஜெர்மனியின் கோட்டிங்கனில் மருத்துவப் பேராசிரியர், அங்குள்ள தாவரத் தோட்டமும் அவர் பொறுப்பில் இருந்தது. ஏன், லின்னேயஸே மருத்துவர்! அன்று மருந்து என்றாலே பெரும்பாலும் வேரும் பட்டையும் இலையும்தான். காய்ந்து சுருண்டு கிடப்பது எந்தச் செடி என்று சொல்லத் தெரியாமல் வைத்தியம் பார்க்க முடியாது. இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகம் 1545-லேயே மூலிகைத் தோட்டம் போட்டது அதற்காகத்தான். லின்னேயஸ் முதலில் வைத்த பெயர் ‘பெர்ஜெரா கோனிகி’. இப்போது பலர் அதற்கே திரும்பிவிட்டார்கள். முர்ரே போனாலும் கோனிக் நிலைத்துவிட்டார்.

கேள்வி: பூகன்விலாச் செடிக்குப் பெயர் வைத்தவர் நம் தீவில்தான் இறந்தாராமே?
– வாசகர், ஃப்ளாக்

பதில்: உங்கள் ஃப்ளாக்கிலேயேதான், 1773-இல். ஃபிலிபேர் கொமெர்சோன், பிரான்ஸின் மோன்பெலியேயில் மருத்துவம் படித்தவர். பிரெஞ்சுக் கடலோடி பூகன்வில்லின் உலகப் பயணத்தில் வந்து 1768-இல் இங்கே இறங்கிவிட்டார். அந்தச் செடி கிடைத்தது 1767-இல், பிரேசிலின் ரியோவில். காலில் புண்ணோடு அவதிப்பட்டவருக்குச் செடி பறித்துச் சுமந்தவர், ஆண் வேடத்தில் கப்பலேறிய ஜான் பாரே. பெயரெல்லாம் அவருக்கு, சுமையெல்லாம் இந்த அம்மாவுக்கு.

கேள்வி: அந்தக் காலத் தாவர ஆய்வாளர்களைப்போல மாணவர்களுடன் செடிகளைத் தாளுக்கு நடுவே வைத்துக் காயவைக்கிறோம். பூஞ்சணம் பிடித்துவிடுகிறது.
– ஆசிரியை, க்யூர்பீப்

பதில்: உங்கள் ஊர் ஈரத்துக்கு மேலே வைக்கும் எடையைக் கூட்டிப் பயனில்லை, ஈரம் உறிஞ்சும் தாளை மாற்ற வேண்டும். முதல் மூன்று நாள் காலையும் மாலையும், பிறகு தினம் ஒருமுறை. பூவோ காயோ உள்ள கிளையாகப் பறியுங்கள். ஒட்டப்போகும் தாள் சுமார் 42 × 28 செ.மீ., நீளமானால் மடக்கி வையுங்கள். பழைய செய்தித்தாளுக்கு நடுவே பரப்பும்போது ஓர் இலையையாவது புரட்டி அடிப்பக்கம் தெரியச் செய்யுங்கள். தடித்த காயை இரண்டாக வெட்டிவிடுங்கள், பூஞ்சணம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். அவசரப்பட்டு அடுப்புச் சூட்டில் வைத்தால் இலை கறுத்துவிடும். இலையைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள்; சில்லென்றிருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. உதிரும் சிற்றிலைகளை ஓர் உறையில் போட்டு அதே தாளில் ஒட்டுங்கள். பூவின் நிறமும் வாசனையும் காய்ந்தால் போய்விடும், பறித்த இடத்திலேயே எழுதிவிடுங்கள்.

பூச்சிக்கு: பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசரில் ஒரு வாரம். வெளியே எடுத்ததும் பிரிக்காதீர்கள். குளிர் முழுக்க விடுமுன் பிரித்தால் தாளெல்லாம் நீர் கோத்துக்கொள்ளும். முன்பு இதற்குப் பாதரசக் குளோரைடு பூசினார்கள், கொடிய விஷம். பழைய சேகரிப்புத் தாள் எதையும் மாணவர்கள் வெறுங்கையால் தொட விடாதீர்கள்.