எகிப்தில் சிறுபான்மையாக வாழும் காப்டிக் கிறிஸ்தவர்கள் பிள்ளைகளை விசுவாசத்தில் எப்படி வளர்க்கிறார்கள்?

பெரும்பாலும் பழக்கத்தால்தான். நிறையக் குடும்பங்களில் சின்ன வயதிலேயே வலது மணிக்கட்டின் உள்பக்கம் குட்டிச் சிலுவையைப் பச்சை குத்திவிடுவார்கள் (பிள்ளையைக் கேட்காமல் குத்துவது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, அது வேறு கதை). அப்புறம் சண்டே ஸ்கூல். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹபீப் கிர்கிஸ் என்பவர் அதை ஓர் இயக்கமாகவே வளர்த்தார். அங்கே வார விடுமுறை வெள்ளிக்கிழமை என்பதால் பல சர்ச்சுகளில் வகுப்பு வெள்ளியன்றுதான் நடக்கும்.

வீட்டில் உபவாசம் பெரிய விஷயம். வருஷத்தில் 200 நாளுக்கு மேல் இறைச்சி, பால், முட்டை கிடையாது, கிறிஸ்துமஸுக்கு முன்னால் மட்டுமே 43 நாள், பெரியவர்கள் சாப்பிடும் ஃபூல் என்கிற அவித்த பயறைப் பார்த்தே பிள்ளைகளும் பழகிவிடுவார்கள்.

பள்ளியில் மதப் பாட வேளை வந்தால் முஸ்லிம் பிள்ளைகளும் கிறிஸ்தவப் பிள்ளைகளும் தனித்தனியாகப் பிரிவார்கள். நாம் கொஞ்சப் பேர்தான் என்று குழந்தைக்கு உறைப்பது அங்கேதான், பெற்றோர் முதலில் உட்கார்ந்து பேச வேண்டியதும் அதைப் பற்றித்தான்.