குளோன் எடுத்தால் போதுமா? கணினி கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வீட்டு டெஸ்க்டாப் வாங்கி ஏழெட்டு வருஷம் ஆகிறது. 1 டிபி ஹார்ட் டிஸ்க், நிரம்பியிருப்பது 180 ஜிபிதான். மாந்தோப்புக் கணக்கு டேலியில் இருக்கிறது, பிள்ளைகளின் சின்ன வயசு போட்டோக்களும் இதில்தான். டி டிரைவை மட்டும் அவ்வப்போது பென்டிரைவில் காப்பி செய்கிறேன். முழு டிஸ்க்கையும் குளோன் எடுத்துவிட்டால் கவலையே வேண்டாம் என்கிறார் தம்பி. செய்யலாமா சார்? (காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: முதலில் டேலியைத் திறந்து, கம்பெனியைத் தேர்வு செய்யும் இடத்தில் டேட்டா பாத் (கணக்கு சேமிக்கப்படும் இடம்) என்ன காட்டுகிறது என்று பாருங்கள். இன்ஸ்டால் செய்தவர் மாற்றி வைக்காவிட்டால் டேலி பிரைமின் டேட்டா சி டிரைவில், யூசர்ஸ் ஃபோல்டருக்குள் பப்ளிக் என்பதற்குள் உட்கார்ந்திருக்கும். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாமும் வழக்கமாக சி டிரைவில்தான் இருக்கும். அதாவது நீங்கள் இத்தனை நாளாக டி டிரைவை எடுத்து வைத்தும் தோப்புக் கணக்கு அதில் வராமலே போயிருக்கலாம். இதை இன்றைக்கே பார்த்துவிடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

சரி, குளோன் விஷயம். தம்பி சொல்வது பாதி சரி. ஒரு டிஸ்க்கில் இருப்பதை, விண்டோஸ், பார்ட்டிஷன் (சி, டி என்ற பிரிவுகள்), பூட் ஆகும் (கணினியைத் தொடங்கிவைக்கும்) பகுதி உட்பட, இன்னொரு டிஸ்க்கில் அப்படியே இறக்குவதுதான் குளோன். பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு புதியதை மாட்டினால் கணினி எதுவும் நடக்காதது போல எழுந்து நிற்கும். டிஸ்க் மாற்றும்போது இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் மாதா மாதம் பேக்கப் எடுக்க இது சரிப்படாது. இரண்டாவது டிஸ்க் முழுவதையும் அது எடுத்துக்கொள்ளும், அதில் முன்பு இருந்ததெல்லாம் அழிந்துபோகும். அதைவிட முக்கியமானது, சித்திரையில் ஒரு குளோன் எடுத்து வைகாசியில் அதே டிஸ்க்கில் மறுபடி எடுத்தால் சித்திரைப் பிரதி போயே போச்சு. இடையில் யாராவது ஒரு போட்டோ ஃபோல்டரைத் தெரியாமல் அழித்திருந்தால், புதுக் குளோனிலும் அது இருக்காது.

உங்களுக்கு வேண்டியது இமேஜ். மென்பொருள் பெரும்பாலும் அதேதான். டிஸ்க்கை இன்னொரு டிஸ்க்கில் கொட்டாமல், சுருக்கி சில கோப்புகளாக எக்ஸ்டர்னல் டிஸ்க்கின் ஒரு ஃபோல்டரில் வைத்துவிடும். உங்களிடம் இருப்பது 180 ஜிபி என்பதால் 1 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் மூன்று நான்கு தேதிகளின் இமேஜ்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

காசு செலவில்லாமல் செய்ய குளோன்ஸில்லா இருக்கிறது. தைவானில் உருவான ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். ஒரு சின்ன பென்டிரைவில் ரூஃபஸ் என்ற இலவச மென்பொருள் கொண்டு ஏற்றி (அந்தப் பென்டிரைவில் இருப்பது அழியும்), கணினியை அதிலிருந்து பூட் செய்ய வேண்டும். விண்டோஸ் ஓடாத நேரத்தில் வேலை நடப்பதால் எந்தக் கோப்பும் பாதித் திறந்த நிலையில் மாட்டிக்கொள்ளாது, நிரம்பிய பகுதிகளை மட்டும் படிப்பதால் காலியிடத்துக்கு நேரம் வீணாகாது. மவுஸ் இல்லாத பழைய பாணித் திரை அது, ஸ்பேஸ் பாரும் என்டரும்தான். பயமாக இருந்தால் ரெஸ்க்யூஸில்லா எடுத்துக்கொள்ளுங்கள், அதே வேலையை மவுஸால் செய்யலாம், இமேஜும் குளோன்ஸில்லாவோடு ஒத்துப்போகும். மேக்ரியம் ரிஃப்ளெக்ட் இலவசம் என்று பழைய வீடியோக்களில் இன்னும் சொல்கிறார்கள், அந்த இலவசப் பதிப்பை நிறுவனம் நிறுத்திவிட்டது, அதை நம்பி இறங்காதீர்கள்.

தொடங்கும் முன் கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிட்டு முழுதாக ஷட்டவுன் செய்யுங்கள். அது ஆனில் இருந்தால் விண்டோஸ் முழுசாக மூடாது, பாதித் தூக்கத்தில் இருக்கும் பார்ட்டிஷனைத் தொட குளோன்ஸில்லா மறுத்துவிடும். எக்ஸ்டர்னல் டிஸ்க்கை உள்ளே நீல நிறமுள்ள யூஎஸ்பி 3.0 போர்ட்டில் செருகுங்கள். நொடிக்கு 100 எம்பி போனாலும் 180 ஜிபிக்கு அரை மணி நேரம், பழைய கணினி என்பதால் கூடுதலாகப் பிடிக்கலாம். அதையே யூஎஸ்பி 2.0 போர்ட்டில் போட்டால் ஒன்றரை மணி நேரமாவது ஆகும். நடுவில் கரண்ட் போனால் அரைகுறை இமேஜ்தான் மிஞ்சும், ஆகவே யூபிஎஸ்ஸில் ஓடட்டும். இன்வெர்ட்டர் மட்டும் இருக்கும் வீட்டில் மாறுகிற அந்தக் கணத்திலேயே டெஸ்க்டாப் ரீஸ்டார்ட் ஆவதுண்டு.

இப்போது நான் கெஞ்சிக் கேட்கும் ஒரு இடம். எதிலிருந்து, எதற்கு என்று மென்பொருள் கேட்கும்போது டிஸ்க்குகளை எஸ்டிஏ, எஸ்டிபி என்றுதான் காட்டும், சி, டி என்று காட்டாது. பக்கத்திலேயே அளவும் மாடலும் சீரியல் எண்ணும் வரும். உங்கள் டிஸ்க்கும் 1 டிபி, எக்ஸ்டர்னலும் 1 டிபி என்றால் அளவை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. எக்ஸ்டர்னல் டிஸ்க்கின் பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் மாடலை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குளோன் எடுக்கும்போதோ, இமேஜைத் திரும்ப இறக்கும்போதோ இதை மாற்றிக் கொடுத்தால் காலி டிஸ்க் உங்கள் போட்டோ டிஸ்க் மேல் ஏறிவிடும். அதன் பிறகு எந்த நிபுணராலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. நிச்சயமாகவா என்று அது திரும்பத் திரும்பக் கேட்பது இதற்காகத்தான், படபடவென்று ஒய் தட்டிக்கொண்டே போகாதீர்கள்.

எடுத்து முடித்ததும் இமேஜைச் சோதிக்கட்டுமா என்று தொடங்கும் முன்பே கேட்கும், ஆம் சொல்லுங்கள். வீட்டில் பழைய டிஸ்க் ஒன்று சும்மா கிடந்து, அது 1 டிபி அல்லது அதற்கு மேல் இருந்தால், அதில் ஒருமுறை இறக்கிப் பார்த்து, டேலி திறக்கிறதா என்று பார்த்தே விடுங்கள். திரும்ப எடுத்துப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் கணக்கில் சேர்ப்பதில்லை. பிறகு எக்ஸ்டர்னல் டிஸ்க்கைக் கழற்றி பீரோவில் வைத்துவிடுங்கள். செருகியே இருந்தால் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) வரும் அன்று அதையும் சேர்த்துப் பூட்டிவிடும், இடி இறங்கினால் அதுவும் சேர்ந்து போகும். போட்டோக்களை மட்டும் தனியாக இன்னொரு டிஸ்க்கில் சாதாரண காப்பியாக எடுத்து கிருஷ்ணகிரியிலோ பர்கூரிலோ சொந்தக்காரர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.

கேள்வி: 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 480 ஜிபி எஸ்எஸ்டிக்கு (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) குளோன் எடுத்தால் இடம் போதாது என்று வருகிறது. நிரம்பியிருப்பது 90 ஜிபிதான்! (பாலக்கோடு தக்காளி மண்டி வியாபாரி)

பதில்: விண்டோஸ் கணக்கில் பழையது சுமார் 465 ஜிபி, புதியது சுமார் 447 ஜிபி. குளோன்ஸில்லா வழக்கமாகப் பார்ப்பது டிஸ்க்கின் மொத்த அளவை, நிரம்பியதை அல்ல. எஸ்எஸ்டி கம்பெனியே தரும் மென்பொருளை முதலில் முயலுங்கள். சாம்சங், க்ரூசியல், டபிள்யூடி மூன்றும் தங்கள் வாடிக்கையாளருக்கு இலவசமாகத் தருகின்றன, பார்ட்டிஷனைச் சுருக்கி இறக்குவதை அவையே பார்த்துக்கொள்ளும். முடிந்ததும் முதல் முறை பூட் செய்யும்போது பழைய டிஸ்க்கின் வயரைக் கழற்றியிருக்க வேண்டும். இரண்டுக்கும் அடையாள எண் ஒன்றாக இருப்பதால் விண்டோஸ் குழம்பும், ஒன்றை ஆஃப்லைன் ஆக்கிவிடும். பழையதை உடனே ஃபார்மேட் செய்யாமல் கொஞ்ச நாள் அப்படியே வைத்திருங்கள்.

கேள்வி: பெங்களூரு எஸ்பி ரோட்டில் எஸ்எஸ்டி வாங்கி லேப்டாப்பைக் குளோன் செய்தேன். இப்போது நீலத் திரையில் 48 இலக்க எண் கேட்கிறது. நான் எந்தப் பூட்டும் போடவில்லையே? (ஓசூர் வாசகர்)

பதில்: நீங்கள் போடவில்லை, மைக்ரோசாஃப்ட் கணக்கோடு விண்டோஸ் 11 நிறுவியபோது அதுவே டிஸ்க்கை பிட்லாக்கர் முறையில் பூட்டியிருக்கும். போனில் அதே மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் உங்கள் சாதனத்தின் கீழ் ரிகவரி கீ, அதாவது அந்த 48 இலக்க எண், இருக்கும். கிடைத்தால் முதலில் அதைக் காகிதத்தில் எழுதுங்கள். பழைய டிஸ்க்கைத் திரும்ப மாட்டி, செட்டிங்ஸில் டிவைஸ் என்க்ரிப்ஷனை அணைத்து, பூட்டு முழுதாக அவிழ்ந்த பிறகு குளோன் எடுங்கள். வேலை முடிந்ததும் மறுபடி ஆன் செய்யலாம், லேப்டாப் என்பதால் செய்வதே நல்லது.

கேள்வி: ஹார்ட் டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம். உள்ளே எங்கள் கல்யாண போட்டோ. உடனே குளோன் எடுக்கவா? (அரூர்)

பதில்: வேண்டாம். கணினியை அணையுங்கள். அந்தச் சத்தம் பெரும்பாலும் படிக்கும் ஹெட் தடுமாறுவது. முழு டிஸ்க்கையும் படிக்கச் சொல்வதும், செக் டிஸ்க் (விண்டோஸின் டிஸ்க் சோதனை) ஓட்டுவதும் அதை இன்னும் சீக்கிரம் கொன்றுவிடும். சத்தமில்லாமல் வெறுமனே பேட் செக்டர் (படிக்க முடியாமல் கெட்டுப்போன இடங்கள்) மட்டும் இருந்தால் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள் உதவும், நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு மோசமானவற்றுக்குப் பிறகு திரும்பி வரும், நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். டிக் டிக் என்றால் அது டேட்டா ரிகவரி செய்பவர்களின் வேலை, திறந்து பார்க்கும் முன் எவ்வளவு ஆகும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கும் முன்னால் கல்யாணத்துக்கு போட்டோ எடுத்த ஸ்டுடியோவுக்கு ஒரு போன் போடுங்கள், அவர்கள் இன்னும் அழிக்காமல் வைத்திருக்கலாம்.