மூன்று ராஜாக்கள் திருநாளும் எல்லாருக்குமான மீட்பும்: கேள்வி பதில்

கிழக்கிலிருந்து வந்த ஞானிகள் குழந்தை இயேசுவைக் கண்டு வணங்கியதை நினைவுகூரும் மூன்று ராஜாக்கள் திருநாளை, அதாவது திருக்காட்சிப் பெருவிழாவை ஒட்டி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் குருவானவர் அல்ல, பங்கில் பல வருடமாக மறைக்கல்வி எடுக்கிறவன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: ஐயா, வந்தவர்கள் மூன்று பேர், அதுவும் ராஜாக்கள் என்று விவிலியத்தில் இருக்கிறதா?

பதில்: இல்லை. மத்தேயு 2ஆம் அதிகாரம் கிழக்கிலிருந்து ஞானிகள் வந்தார்கள் என்று மட்டும்தான் சொல்கிறது. காணிக்கை மூன்று என்பதால் ஆளும் மூன்று ஆனார்கள். ராஜாக்கள் 72ஆம் திருப்பாடலிலிருந்தும், ஒட்டகங்கள் எசாயா 60ஆம் அதிகாரத்திலிருந்தும் வந்து சேர்ந்தவை. அதற்காகக் குடிலிலிருந்து ஒட்டகத்தை எடுத்துவிடாதீர்கள். பிற இனத்தார், அதாவது யூதர் அல்லாதவர்கள், எருசலேமின் ஒளியைத் தேடி வருவார்கள் என்று எசாயா பாடும் இடத்தில்தான் அந்த ஒட்டகங்கள் வருகின்றன. திருநாளின் பொருளே அதுதான்.

கேள்வி: பொன்னும் சாம்பிராணியும் சரி. குழந்தைக்குப் போய் வெள்ளைப்போளம் எதற்கு?

பதில்: எசாயா சொன்ன காணிக்கையில் பொன்னும் சாம்பிராணியும்தான் உண்டு. வெள்ளைப்போளம் மத்தேயுவில் புதிதாக வருகிறது. அது கசப்பான பிசின். சிலுவையில் அறையப்போகும் நேரத்தில் இயேசுவுக்கு அதைத் திராட்சை மதுவில் கலந்து கொடுத்தார்கள் என்கிறார் மாற்கு. இயேசுவின் உடலை அடக்கம் செய்ய நிக்கதேம் என்பவர் கொண்டுவந்ததும் அதுதான். எல்லாருக்குமான மீட்புக்கு என்ன விலை என்பதைத் திருச்சபைத் தந்தையர்கள் என்ற தொடக்ககாலப் போதகர்கள் இந்தக் காணிக்கையில் பார்த்தார்கள்.

கேள்வி: சார், விண்மீன் பார்த்து வந்தவர்கள் என்றால் ஜோதிடர்கள்தானே? அப்போ ஜாதகம் பார்ப்பதில் என்ன தவறு?

பதில்: ஜாதகம் பார்ப்பதைத் திருச்சபை ஏற்பதில்லை, அதன் போதனைகளைத் தொகுத்துச் சொல்லும் மறைக்கல்வி ஏடு அதைத் தெளிவாக மறுக்கிறது. ஆனால் கடவுள் அந்த ஞானிகளை அவர்களுக்குத் தெரிந்த வழியில் கூப்பிட்டார் என்பதும் உண்மை. அவர்களிடம் மோசேயின் சட்டம் இல்லை. வானம் இருந்தது, அதையே பயன்படுத்திக்கொண்டார்.

அப்புறம் நடந்ததைக் கவனியுங்கள். எருசலேமுக்கு வந்தபின் அவர்கள் விசாரிக்க வேண்டியிருந்தது. பிறக்கும் ஊர் பெத்லகேம் என்று காட்டியது மீக்கா இறைவாக்கினரின் வசனம். அதை எடுத்துச் சொன்னவர்கள் தலைமைக் குருக்களும் மறைநூல் அறிஞர்களும். எருசலேமிலிருந்து பெத்லகேம் பத்துக் கிலோமீட்டர்கூட இருக்காது. வசனம் தெரிந்தவர்களில் ஒருவர்கூடக் கூடப் போனதாக மத்தேயு சொல்லவில்லை. எங்கிருந்தோ வந்த அந்நியர்கள் போய்த் தெண்டனிட்டு வணங்கினார்கள். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகும் நாம் பயத்தோடு வாசிக்க வேண்டிய பகுதி இது.

கேள்வி: என் அப்பா இந்து. யாருக்கும் தீங்கு நினைக்காதவர். திருமுழுக்குப் பெறாமலே போன வருடம் காலமாகிவிட்டார். அவருக்கு மோட்சம் கிடையாது என்று உறவினர் ஒருவர் முகத்துக்கு நேராகச் சொன்னார். நிம்மதியே இல்லை அண்ணா.

பதில்: தங்கச்சி, அந்த வார்த்தையை மனசிலிருந்து இறக்கி வையுங்கள். அப்படித் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவருக்கு இல்லை, எனக்கும் இல்லை.

திருச்சபைக்கு வெளியே மீட்பு இல்லை என்ற வாக்கியத்தை வைத்துத்தான் அவர் பேசியிருப்பார். 3ஆம் நூற்றாண்டில் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான், திருச்சபையை விட்டுப் பிரிந்து போனவர்களைப் பற்றிய சண்டையில் சொன்னது அது. நற்செய்தியைச் சரியாக அறியும் வாய்ப்பே கிடைக்காத நல்லவர்களை மனதில் வைத்துச் சொன்னதல்ல. அமெரிக்காவின் பாஸ்டனில் லெனார்டு ஃபீனி என்ற குருவானவர் அந்த வாக்கியத்தை இதேபோலக் கடுமையாகப் போதித்தார். 1949இல் ரோமை அந்த விளக்கத்தை மறுத்தது. விசாரணைக்குக் கூப்பிட்டும் அவர் போகாததால் 1953இல் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டார். பிறகு சமாதானமானது வேறு விஷயம்.

உலகெங்கும் உள்ள ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் இன்னும் தெளிவாகவே சொன்னது: தன் குற்றமின்றிக் கிறிஸ்துவை அறியாமல், நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி, மனச்சாட்சியின்படி வாழ முயல்கிறவர் மீட்படைய முடியும். அந்த மீட்பும் கிறிஸ்துவின் வழியாகவே வருகிறது, எப்படி என்பது கடவுளுக்குத் தெரியும். எல்லாரும் மீட்புப் பெற வேண்டும் என்பதே கடவுளின் விருப்பம் என்று தீமொத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகம் சொல்கிறது. உங்கள் அப்பாவுக்காகத் தாராளமாகப் பூசை ஒப்புக்கொடுங்கள்.

கேள்வி: அப்படியானால் எல்லாரும் தானாக மீட்கப்பட்டுவிடுவார்களா? பிறகு நற்செய்தி எதற்கு?

பதில்: தானாக இல்லை. அதே விண்மீன் செய்தியைக் கேட்ட ஏரோது அரசன் குழந்தைகளைக் கொல்ல வாளை எடுத்தான். அழைப்பு எல்லாருக்கும் உண்டு, மறுக்கும் உரிமையும் உண்டு. மத்தேயு நற்செய்தி பிற இனத்தார் தேடி வருவதில் தொடங்கி, எல்லா மக்களினத்தாரிடமும் போங்கள் என்ற கட்டளையில் முடிகிறது. பிள்ளை பிறந்த சேதியை யாரும் வீட்டுக்குள் பூட்டிவைக்க மாட்டார்கள். இது அதைவிடப் பெரிய சேதி.

கேள்வி: எல்லாருக்கும் என்கிறீர்கள். எங்கள் பங்கில் கல்லறைத் தோட்டமே சாதிவாரியாகத்தான் இருக்கிறது.

பதில்: இந்தக் கேள்வியை மழுப்ப எனக்கு மனமில்லை. அது பாவம். திருநாளன்று வாசிக்கும் எபேசியர் 3ஆம் அதிகாரம், பிற இனத்தாரும் உடன் உரிமையாளர், ஒரே உடலின் உறுப்பினர் என்கிறது. அதற்கு முந்தைய அதிகாரம், நடுவே நின்ற சுவரைக் கிறிஸ்து தகர்த்தார் என்கிறது.

நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயத்தை நினைத்துப் பாருங்கள். ஒரே பீடத்தில் வந்து சேரும் இரண்டு தனி மண்டபங்கள், சாதிப் பிரிவுக்கு ஒரு பக்கமாக உட்கார நடுவில் தடுப்பு. பூசை ஒன்றுதான், நற்கருணை ஒன்றுதான், ஆனால் பக்கத்தில் உட்கார முடியாது. 1910இல் அந்தத் தடுப்பு இடிக்கப்பட்டது. அதை எதிர்த்தவர்கள் வழக்குப் போட்டும் பலிக்கவில்லை. நூறு வருடத்துக்கு முன்பே நம் மண்ணில் முடிந்த காரியம், உங்கள் கல்லறையில் ஏன் முடியாது? பங்குப் பேரவையில் எழுதிக் கொடுங்கள், தனியாக அல்ல, பத்துக் குடும்பம் சேர்ந்து.

கேள்வி: ஜனவரி 6இல் கேரளச் சிரியன் சபையினர் இயேசுவின் திருமுழுக்கை அல்லவா கொண்டாடுகிறார்கள்?

பதில்: ஆமாம், அவர்கள் தனஹா என்பார்கள். கீழைத் திருச்சபைகளில் இந்த நாள் யோர்தான் ஆற்றில் இயேசு வெளிப்பட்டதைக் குறிக்கும். பழைய மரபுதான் அது. நம் இந்திய லத்தீன் முறையில் திருக்காட்சியை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக் கொண்டாடுகிறோம்.

கேள்வி: திருநாள் அன்று எங்கள் வீட்டை மந்திரிக்க, அதாவது ஆசீர்வதிக்க, சாமியார் (குருவானவர்) வருகிறார். பக்கத்து வீட்டில் வேற்று மதத்தவர். கூப்பிடலாமா?

பதில்: கட்டாயம் கூப்பிடுங்கள். ஆனால் எதிலும் கலந்துகொள்ளும்படி வற்புறுத்த வேண்டாம். மத்தேயு 2ஆம் அதிகாரத்தை யாராவது சத்தமாக வாசிக்கட்டும், அதில் வீட்டுக்குள் நுழைகிறவர்கள் யார் என்று அவர்களே கேட்டுக்கொள்வார்கள். முடிந்ததும் எல்லாருக்கும் காப்பி, பலகாரம் கொடுங்கள்.