விழித்திருக்கும்போதே அறுவை சிகிச்சை: பயத்தைக் குறைக்க மருந்தில்லா வழி உண்டா?

கேள்வி: எனக்கு வயது 61. முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வார்களாம். நான் விழித்துக்கொண்டுதான் இருப்பேனாம். நினைத்தாலே நெஞ்சு படபடக்கிறது. முன்பு ஒருமுறை தூக்க ஊசி போட்டு, அன்று முழுக்கக் குழம்பிக் கிடந்தேன். அதனால் மருந்து இல்லாமல் சமாளிக்கப் பார்க்கிறேன். வழி உண்டா?

பதில்: உண்டு அம்மா. முதல் வழி, அறுவை அரங்கின் உள்ளே என்ன நடக்கும் என்பதை ஒளிவுமறைவில்லாமல் தெரிந்துகொள்வது.

ஊசி போட்ட சில நிமிடங்களில் கால்கள் கதகதவென்று ஆகும், பிறகு கனக்கும், கடைசியில் உங்கள் கால் மாதிரியே இருக்காது. கத்தி வைப்பதற்கு முன் ஐஸையோ ஸ்பிரிட் பஞ்சையோ வைத்து, சில்லென்று இருக்கிறதா என்று கேட்பார்கள். மரத்தது உறுதியான பிறகுதான் தொடங்குவார்கள். அதற்குப் பிறகும் யாரோ காலை இழுப்பது, அழுத்துவது தெரியலாம். அது வலியாக இருக்காது. இதைத் தெரிந்துகொள்ளாமல் வருகிறவர்கள் முதல் இழுப்பிலேயே "மருந்து பிடிக்கவில்லை" என்று பதறிப்போகிறார்கள்.

மூட்டு மாற்றில் சத்தமும் உண்டு. எலும்பை அறுக்கும் ரம்பம், பொருத்தும்போது தட்டும் சுத்தியல் என்று தச்சுப் பட்டறை போலவே கேட்கும். தட்டும்போது உடம்பு முழுக்க அதிரும். ஹெட்போன் சத்தத்தைக் குறைக்கும், அதிர்வைக் குறைக்காது. "இப்போது தட்டப் போகிறோம்" என்று முன்கூட்டியே சொல்லும்படி கேட்டு வையுங்கள். சொல்லிவிட்டுத் தட்டினால் தூக்கிவாரிப் போடாது.

இன்னொன்றும் பலரை ஏமாற்றும். நடுவில் உடம்பு வெடவெடவென்று நடுங்கலாம். முதுகில் போடும் மருந்தாலும் அரங்கின் குளிராலும் வருவது அது. உங்கள் தைரியம் போய்விட்டதாக நினைக்க வேண்டாம். கதகதப்பான போர்வை கேளுங்கள். குமட்டினால் உடனே சொல்லுங்கள். ரத்த அழுத்தம் இறங்கியதால் இருக்கலாம், சரிசெய்துவிடுவார்கள்.

இனி, துணைக்கு ஒரு மனிதர். எல்லா வழிகளிலும் நான் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான். இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். விழித்த நிலையில் வெரிகோஸ் வெயின் (காலில் ரத்தக் குழாய் புடைத்துச் சுருண்டுகொள்வது) சிகிச்சை செய்துகொண்ட 398 பேரில் சிலருக்கு இசை, சிலருக்கு வீடியோ, சிலருக்குக் கையில் பிசைய மென்பந்து, சிலருக்குப் பக்கத்தில் இருந்து பேச ஒரு செவிலியர். எதுவும் இல்லாதவர்களைவிட, செவிலியரோடு பேசியவர்களிடம் பதற்றம் சுமார் 30 சதவீதம் குறைவு. பந்து பிசைந்தவர்களுக்குப் பதற்றத்தோடு வலியும் குறைந்தது. இசையால் அங்கே பெரிய மாற்றம் இல்லை. ஆனால் அறுவைக்கு முன் காத்திருக்கும் நேரத்தில் இசை பதற்றத்தைக் குறைப்பதாக வேறு ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே பிடித்த பாட்டைக் கொண்டு போங்கள், ஒரு காதை மட்டும் மருத்துவர் பேச்சுக்கு விட்டுவையுங்கள். பந்து என்றால், டிரிப் ஏறாத, பிரஷர் பட்டை கட்டாத கையில்.

முந்தைய நாள் உங்களைப் பார்க்க வரும் மயக்க மருந்து நிபுணரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: "எனக்குப் பயமாக இருக்கிறது. தலைமாட்டில் ஒருவர் இருந்து பேச்சுக் கொடுக்க முடியுமா?" என்ன பேசுவது என்பதையும் நீங்களே சொல்லிவிடலாம். பேரப்பிள்ளையின் குறும்பு, போய்வந்த ஊர், எதுவானாலும் சரி. கண்ணாடி, காது கேட்கும் கருவி போடுபவரானால், அரங்கிலும் போட்டுக்கொள்ள அனுமதி கேளுங்கள். காது சரியாகக் கேட்காமல், கண்ணும் மங்கலாக, மல்லாந்து கிடந்தால் யாருக்கும் பயம் வரும்.

சொல்லுக்கும் வலு உண்டு. "கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்கோங்க" என்று எச்சரித்தால் வலியும் பதற்றமும் கூடுகின்றன என்று 2005-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அதைப் படிக்கும்வரை நானும் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது "மரக்கும் மருந்து போடுகிறேன்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். உங்கள் வீட்டாரிடமும் சொல்லி வையுங்கள்.

மூச்சுப் பயிற்சியை இன்றே தொடங்குங்கள். நாலு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். வேகவேகமாக ஆழ்ந்து இழுத்தால் விரலும் உதடும் மரமரத்து, தலை கிறுகிறுத்து, பயம்தான் கூடும். விடும் மூச்சு நீளமாக இருக்கட்டும்.

அரங்கில் உண்மையாகவே வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதீர்கள். "வலிக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், உடனே கவனிப்பார்கள். பாதியில் தூங்கிவிட்டால் தேவலை என்று தோன்றினால் அதையும் கேட்கலாம். முன்பு தூக்க ஊசியால் குழம்பியதை அந்த நிபுணரிடம் முதல் நாளே சொல்லியிருந்தால், எந்த மருந்து, எவ்வளவு என்பதை அதற்கேற்ப அவர் முடிவு செய்வார்.