அலர்ட் விட்ஜெட் வைத்தால் விஎம் அலாரத் தொல்லை தீருமா?

கேள்வி இது: "சில நூறு விஎம்கள் (ஒரே சர்வரில் பலவாக ஓடும் மெய்நிகர் கணினிகள்) விசென்டரில் (விஎம்வேர் நிறுவனத்தின் நிர்வாக மென்பொருள்) ஓடுகின்றன. மெயிலில் வரும் அலாரங்களை யாரும் படிப்பதில்லை. டாஷ்போர்டில் ஒரு அலர்ட் விட்ஜெட் (எச்சரிக்கைகளைப் பட்டியலிடும் கட்டம்) வைத்து, டீமில் எல்லோரும் அதையே பார்த்துக்கொள்ளட்டும் என்கிறார் மேனேஜர். சரிப்படுமா?"

சரிப்படும். ஆனால் "எல்லோரும் பார்த்துக்கொள்ளட்டும்" என்கிறார் பாருங்கள், அங்கேதான் சிக்கல்.

உங்கள் நிலைமை எனக்குத் தெரிந்த மாதிரியே இருக்கிறது. அலாரத்துக்கென்று மெயிலில் தனி ஃபோல்டர், அதில் தானாகப் போய் விழ ஒரு ரூல், ஃபோல்டர் பக்கத்தில் நாலு இலக்கத்தில் படிக்காத மெயில்கள். சுவரில் ஒரு பெரிய டிவியும் இருக்கும். வெளியாள் யாராவது வந்தால் அதில் பச்சை அதிகம் தெரியும் பக்கத்தைப் போடுவார்கள். அப்படி இல்லையென்றால் மன்னியுங்கள், நான் வேலை பார்த்த இடங்களில் இப்படித்தான்.

விட்ஜெட் என்றதும் எனக்குச் சுருக்கென்கிறது, காரணம் உண்டு. முன்பு இருந்த நிறுவனத்தில், பெயர் வேண்டாம், ஓர் இரவு ஷிஃப்டில் ஒரு டேட்டாஸ்டோர், அதாவது விஎம்களின் டிஸ்க்குகள் இருக்கும் சேமிப்பிடம், முழுசாக நிரம்பிவிட்டது. அதில் இருந்தவை எல்லாம் தின் புரொவிஷன் டிஸ்க்குகள், எழுத எழுதத்தான் இடம் பிடிப்பவை. கொடுத்ததாகச் சொன்ன அளவைக் கூட்டினால் உண்மையில் இருக்கிற இடத்தைவிட அதிகம். எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் ஓடுகிற சீட்டுக் கம்பெனி மாதிரி. பேக்கப் மென்பொருள் ஒன்று வேலை முடிந்ததும் நீக்க வேண்டிய ஸ்னாப்ஷாட்டுகளை (விஎம்மின் அந்நேர நிலையைப் பதிந்து வைத்தவை) நீக்காமல் விட்டிருந்தது. ஸ்னாப்ஷாட் இருக்கும்வரை புதிதாக எழுதுவதெல்லாம் டெல்டா என்ற தனி ஃபைலில் போய்ச் சேரும், அது வளர்ந்துகொண்டே இருக்கும். 72 மணி நேரத்துக்கு மேல் ஒரு ஸ்னாப்ஷாட்டை வைத்திருக்காதீர்கள் என்று விஎம்வேரே சொல்வது இதனால்தான். இவையோ எப்போது எடுத்தவை என்றே யாருக்கும் நினைவில்லை.

இடம் தீர்ந்ததும், மேற்கொண்டு இடம் கேட்ட ஒவ்வொரு விஎம்மும் அப்படியே உறைந்து நின்றது. விசென்டரில் அந்த விஎம்மைச் சொடுக்கினால் ஒரு கேள்வி: டிஸ்க்குக்கு இடமில்லை, ரீட்ரையா, கேன்சலா? கேன்சல் கொடுத்தால் பிரச்சினை தீராது. இடம் ஏற்படுத்தாமல் ரீட்ரை கொடுத்தால் அதே கேள்வி மறுபடி வரும். ஸ்னாப்ஷாட்டை நீக்கினால் முடிந்தது என்று தோன்றும். ஆனால் ஓடுகிற விஎம்மில் ஸ்னாப்ஷாட்டை நீக்க, டெல்டாவை மூல டிஸ்க்கோடு சேர்க்கும்போது, அந்த இடைவேளையில் எழுதுவதை வைத்துக்கொள்ளவே கொஞ்சம் இடம் வேண்டும். அதனால் முதலில் அங்கே கிடந்த பழைய ஐஎஸ்ஓ ஃபைல்களை (இன்ஸ்டால் டிஸ்க்குகளின் நகல்கள்) அழித்தேன். அணைத்து வைத்திருந்த ஒரு டெஸ்ட் விஎம்மை வேறு டேட்டாஸ்டோருக்கு நகர்த்தினேன். அதன்பிறகுதான் ஒவ்வொன்றாக ரீட்ரை. ஸ்னாப்ஷாட் வேலை கடைசியில்.

காலையில் மீட்டிங். முதல் கேள்வியே, "விட்ஜெட் கண்ணுக்கு எதிரே இருந்ததே, ஷிஃப்டில் இருந்தவர் என்ன பார்த்துக்கொண்டிருந்தார்?"

என்ன பார்த்துக்கொண்டிருந்தேன் என்று திரையிலேயே காட்டினேன். விட்ஜெட் புதியது மேலே, பழையது கீழே என்று அடுக்கப்பட்டிருந்தது. விஎம்கள் உறைந்ததால் வந்த அலாரங்கள், அப்ளிகேஷன் பதில் சொல்லாத அலாரங்கள், பேக்கப் தோல்வி எல்லாம் மேலே. இவ்வளவுக்கும் காரணமான டேட்டாஸ்டோர் அலாரம் எங்கோ அடியில், ஏனென்றால் அது பல நாள் முன்பே சிவப்பாகிவிட்டது. நோய் எப்போதும் அறிகுறிக்கு முன்னால் வரும். புதியதை மேலே வைக்கிற வரிசை அதை அடியில் தள்ளிவிடும். இதை யாரும் யோசித்ததில்லை.

இன்னொன்றும் காட்டினேன். அந்த அலாரம் அக்னாலெட்ஜ் செய்யப்பட்டிருந்தது, அதாவது 'பார்த்துவிட்டேன்' என்று குறிக்கப்பட்டிருந்தது, பட்டப்பகலில். செய்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற பொதுக் கணக்கு. அதன் பாஸ்வேர்டு எத்தனை பேரிடம் இருந்தது என்று கேட்டேன். அறையில் சத்தமில்லை. "சரி, அடுத்த விஷயத்துக்குப் போவோம்" என்றார் ஒருவர். யாரும் வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை, அதை இன்னும் மறக்கவில்லை.

உங்கள் கேள்விக்கு இது ஏன் தேவை என்றால், விசென்டரில் அக்னாலெட்ஜ் என்பதற்குப் பலர் "சரிசெய்தாயிற்று" என்று பொருள் கொள்கிறார்கள். அது அலாரத்தை அணைப்பதில்லை, நிலைமையையும் மாற்றுவதில்லை. மெயில் அனுப்புவது போன்ற செயல்களை மட்டும் நிறுத்துகிறது. டேட்டாஸ்டோர் அலாரத்தில் வழக்கமாக வருகிற அளவுகள் 75 சதவீதத்தில் மஞ்சள், 85 சதவீதத்தில் சிவப்பு. சிவப்புக்கு மேல் வேறு நிறம் கிடையாது. 86இல் ஒருவர் அக்னாலெட்ஜ் செய்துவிட்டால் அங்கிருந்து 100 வரைக்கும் அமைதிதான். ரீசெட் டு கிரீன் என்று இன்னொன்று இருக்கிறது. நிலைமை சரியானதை விசென்டர் தானாக அறிய முடியாத, நிகழ்வு சார்ந்த அலாரங்களுக்காக வைத்தது அது. டிவியைப் பச்சையாக்க அதைப் பயன்படுத்துகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு விட்ஜெட்டை நானே மாற்றி அமைத்தேன். கருவி விஎம்வேரின் கண்காணிப்பு மென்பொருளான ஏரியா ஆபரேஷன்ஸ், அப்போது விரியலைஸ் ஆபரேஷன்ஸ் என்ற பெயரில் இருந்தது; புதிய பதிப்புகளில் விசிஎஃப் ஆபரேஷன்ஸ். இடது பக்கம் ஆப்ஜெக்ட் லிஸ்ட் விட்ஜெட், அதில் கிளஸ்டர்களும் (விஎம்கள் ஓடும் ஹோஸ்ட் சர்வர்களின் தொகுப்புகள்) டேட்டாஸ்டோர்களும் மட்டும். வலது பக்கம் அலர்ட் லிஸ்ட் விட்ஜெட். இரண்டுக்கும் இன்டராக்‌ஷன் கொடுத்து, இடதில் தேர்ந்தெடுப்பதற்கான அலர்ட்டுகளை மட்டும் வலதில் காட்டவைத்தேன். ஃபில்டரில் கிரிட்டிகல், இம்மீடியட் இரண்டு மட்டும். வார்னிங்கும் இன்ஃபோவும் வேறு பக்கத்துக்கு. ஒரு அலர்ட் புயல் வந்தால் ஒரே காரணத்தின் நூறு பிள்ளைகள் ஒரே வரிக்குள் மடங்கும்படி, அலர்ட் டெஃபினிஷன் (எப்போது அலர்ட் வர வேண்டும் என்ற வரையறை) வாரியாகத் தொகுத்தேன்.

முக்கியமானது இது: முதல் பார்வையில் யாரும் எடுத்துக்கொள்ளாத அலர்ட்டுகள் மட்டும். ஒருவர் டேக் ஓனர்ஷிப் கொடுத்தால் அது பொதுப் பட்டியலை விட்டு அவர் பட்டியலுக்குப் போகும், அவர் பெயரோடு. இப்போதைக்கு முடியாது என்றால் சஸ்பெண்ட், அதற்கும் கால அளவு உண்டு; நேரம் முடிந்ததும் திரும்பி வந்து நிற்கும். இரண்டிலுமே அலர்ட் காணாமல் போய்விடாது. ஜாபிக்ஸ் என்ற இன்னொரு கண்காணிப்புக் கருவியை வைத்திருப்பவர்கள் பிராப்ளம்ஸ் விட்ஜெட்டில் அக்னாலெட்ஜ் ஆகாதவற்றை மட்டும் காட்டச் சொல்லி இதற்குப் பக்கத்தில் வரலாம். டிரிகர் டிபென்டென்சி (ஓர் அலாரம் இன்னொன்றைச் சார்ந்தது என்ற அமைப்பு) வைத்தால் ஹோஸ்ட் விழும்போது அதன்மேல் இருக்கிறவற்றின் கூச்சலும் அடங்கும்.

"விட்ஜெட்டை மாற்றினால் அலாரம் குறைந்துவிடுமா?" என்று கேட்பீர்கள். குறையாது. குறைக்க வேண்டிய இடம் டெஃபினிஷன். விசென்டரில் அலாரம் எந்த மட்டத்தில் வரையறுக்கப்பட்டதோ அங்கேதான் திருத்த முடியும். விஎம் மட்டத்தில் போய் மாற்றப் பார்த்து, முடியாமல், "இந்த மென்பொருளே இப்படித்தான்" என்று திரும்பிவிடுகிறார்கள். ஏரியாவில் வெயிட் சைக்கிள், அதாவது எத்தனை சேகரிப்பு வரை பொறுத்துப் பார்ப்பது என்ற எண், இருக்கிறது. வழக்கமாக 5 நிமிடத்துக்கு ஒருமுறை தரவு சேகரிப்பு. சிம்ப்டமுக்கு (அலர்ட்டைத் தூண்டும் நிபந்தனை) 3 என்று வைத்தால் நிலைமை 15 நிமிடம் நீடித்தால்தான் அலர்ட் வரும். இரவு பேக்கப் நேரத்தில் ஏறி இறங்கும் சிபியுவுக்கெல்லாம் இது போதும்.

சிபியு என்றதும் ஒன்று. விஎம்முக்குள் டாஸ்க் மேனேஜரில் 40 சதவீதம் காட்டும், பயன்படுத்துகிறவர் மெதுவாக இருக்கிறது என்பார். இரண்டும் உண்மையாக இருக்கலாம். பார்க்க வேண்டியது சிபியு ரெடி, அதாவது விஎம் ஓடத் தயாராக இருந்தும் ஹோஸ்ட்டில் கோர் கிடைக்காமல் காத்திருந்த நேரம். சார்ட்டில் அது மில்லிசெகண்டில் வரும், அங்கேதான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். ரியல்டைம் சார்ட்டில் ஒரு புள்ளி 20 விநாடி, எனவே ஒரு விசிபியுவுக்கு (விஎம்முக்குக் கொடுத்த மெய்நிகர் சிபியு) 1,000 என்றால் 5 சதவீதம். ஒருநாள் சார்ட்டில் ஒரு புள்ளி 5 நிமிடம். அங்கே 12,000 என்று பார்த்துவிட்டு ஒருவர் அவசர டிக்கெட் போட்டார். 300 விநாடிக்கு 12 விநாடி, 4 சதவீதம். அந்த விஎம்மில் நாலு விசிபியு, மொத்தத்தை நாலால் வகுத்தால் ஒன்றுக்கு 1 சதவீதம். அந்த விஎம் நன்றாகத்தான் இருந்தது. ஆகவே விட்ஜெட்டில் ரெடி அலர்ட் வைத்தால் சதவீதத்தில் வையுங்கள்.

ரெடி ஏன் ஏறுகிறது தெரியுமா? இதைச் சொல்லாமல் என்னால் போக முடியாது. தேவைக்கு மேல் விசிபியுவை அள்ளிக் கொடுத்து, இருக்கிற கோர்களுக்கு அடிபிடி உண்டாக்குவதால். அப்ளிகேஷன் டீமிடம் எவ்வளவு வேண்டும் என்று கேட்டால் 16 விசிபியு, 64 ஜிபி என்பார்கள். எதற்கு என்றால் வெண்டர் சொன்னார் என்பார்கள். கொடுத்துப் பார்த்தால் 2 விசிபியுவின் வேலைகூட நடக்காது. குறைக்கலாமா என்று கேட்டால் "புரொடக்‌ஷன், கை வைக்காதீர்கள்." அப்புறம் மெதுவாக இருக்கிறது என்று டிக்கெட் போடுவதும் அவர்களே, அதற்கு இன்னும் 8 விசிபியு கேட்பதும் அவர்களே. பயன்படாத விஎம்மைத் திருப்பிக் கொடுத்த ஒருவரையாவது யாராவது பார்த்திருந்தால் சொல்லுங்கள். இது கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாதது, தெரியும்.

"இதெல்லாம் பழைய முறை, எல்லாவற்றையும் ஸ்கிரிப்டில் தானாகச் சரிசெய்ய வேண்டியதுதானே" என்று யாராவது கீழே எழுதப்போகிறார்கள். எழுதுங்கள். நிரம்பிய டேட்டாஸ்டோரில் பழைய ஸ்னாப்ஷாட்டுகளைத் தானாக நீக்குகிற ஸ்கிரிப்டை ஓடவிட உங்கள் நிறுவனம் அனுமதிக்கிறது என்றால் மகிழ்ச்சி. இருந்த இடத்தில் ஐஎஸ்ஓ ஃபைலை அழிக்கவே எனக்குப் பிறகு விளக்கக் கடிதம் கேட்டார்கள். சிறிய சூழல், நாலைந்து ஹோஸ்ட் என்றால் இவ்வளவு தேவையில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அங்கே விசென்டரின் சொந்த அலாரம் பட்டியலே போதும், மெயில் ரூலை நீக்கிவிட்டால்.

கேட்டவருக்கு: விட்ஜெட்டைத் தொடும் முன், உங்களிடமும் அப்படியொரு பொது அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு இருந்தால் அதைப் பூட்டி, ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு கொடுக்கச் சொல்லுங்கள். மேனேஜர் இழுத்தடித்தால் மெயிலில் கேளுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். அடுத்து, பேட்ச் போடுகிற இரவுகளில் ஹோஸ்ட்டை விசென்டரில் மெயின்டெனன்ஸ் மோடில் போடுவதோடு நிறுத்தாமல் கண்காணிப்புக் கருவியிலும் மெயின்டெனன்ஸில் போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் முதல் பேட்ச் இரவிலேயே புது விட்ஜெட் சிவந்துவிடும், மறுநாளே ஆட்கள் பழையபடி மெயில் ஃபோல்டருக்குப் போய்விடுவார்கள்.